ஹானாவின் நச்சுப்பாசி: ஒரு தடையின் வரலாறு

கடல்நீர் மீன்தொட்டி வளர்ப்போரின் உலகில், பாறைமீது சிறு பொத்தான்களைப் போலப் படர்ந்து வளரும் ஊதாநிற உயிர் ஒன்றுக்குப் ‘பர்ப்பிள் டெத்’ என்று வணிகப் பெயர் உண்டு. தமிழில் சொன்னால் ‘ஊதா மரணம்’. ‘நியூக்ளியர் கிரீன்’, ‘ஈகிள் ஐ’ என்று வாங்குவோரை ஈர்ப்பதற்காகச் சூட்டப்பட்ட பெயர்களின் வரிசையில் இதுவும் ஒன்று. ஆனால் இவ்வுயிர் சேர்ந்த அதே பேரினத்தின் இன்னோர் உறுப்பினருக்கு, அறிவியல் நூல்கள் அதனை அறிவதற்கு வெகு முன்பே, ஹவாய்த் தீவுமக்கள் ‘மரணம்’ என்ற சொல்லைச் சேர்த்தே பெயரிட்டிருந்தனர். அங்கே அச்சொல் ‘விலகி நில்’ என்று பொருள்பட்டது. கடைத் தொட்டியில் அதே சொல் ‘வாங்கிச் செல்’ என்று பொருள்படுகிறது.

இந்த இடைவெளி எவ்வாறு நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள். ஒரு பாறைக்குழியில் காவலில் கிடந்த நஞ்சு சோதனைச்சாலைக்குச் சென்றது. அதன் உறவினங்களோ வணிகத்தின் வழியே வீட்டுக்கூடத்துக் கண்ணாடித் தொட்டிக்கு வந்து சேர்ந்தன. பொருள் பயணம் செய்தது. அதனோடு கூடவே வந்திருக்க வேண்டிய எச்சரிக்கை பாதிவழியில் தங்கிவிட்டது. அது தங்கிய இடங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

*

ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான மாவியின் கிழக்குக் கரையில் ஹானா என்னும் ஊர்ப்பகுதி இருக்கிறது. அதனை அடுத்த முவோலேயாவில் வழங்கிவந்த மரபுக்கதை இது. அக்கரையில் கூனல் முதுகுடைய ஒருவன் தன் தோட்டத்தைக் கொத்திக்கொண்டு வாழ்ந்தான். மீன்பிடிக்கப் போகிறவர்கள் அவனைக் கடந்துதான் கடலுக்குச் செல்ல வேண்டும். சென்றவர்கள் திரும்பும்போதெல்லாம் ஒருவர் குறைந்திருந்தார். நாளடைவில் ஐயுற்ற மக்கள் அவனைப் பிடித்து மேலாடையைக் கிழித்தபோது, அவன் முதுகில் முக்கோணப் பற்கள் நிறைந்த சுறாவின் வாய் இருந்தது. அவனைக் கொன்று, எரித்து, சாம்பலைக் கடலில் வீசினர். சாம்பல் விழுந்த பாறைக்குழியில் முளைத்ததுதான் ‘லிமு மாகே ஓ ஹானா’. லிமு என்றால் கடற்பாசி. மாகே என்றால் சாவு. ‘ஹானாவின் சாவுப்பாசி’ என்பது நேர்ப்பொருள். அதனை ஈட்டி முனையில் தடவினால் சிறு கீறலும் உயிரைக் குடிக்கும் என்பது மரபுச் செய்தி.

அந்தக் குழி ‘கபு’ செய்யப்பட்ட இடம். தொடக்கூடாதது, அணுகக்கூடாதது என்று சமூகம் வகுத்த தடைக்கு ஹவாய் மொழியில் கபு என்று பெயர். தோங்கா மொழியில் இதுவே ‘தாபு’. 1777இல் அத்தீவுகளுக்குச் சென்ற ஜேம்ஸ் குக்கின் குறிப்புகள் வழியாக ஆங்கிலத்துக்குச் சென்று இன்று உலகமெங்கும் வழங்கும் ‘டாபூ’ என்ற சொல்லின் வேர் அதுதான். ஹானாவின் மக்கள் அக்குழியைக் கற்களால் மூடி வைத்திருந்தனர். அதற்கு இடையூறு செய்பவருக்குத் தீங்கு நேரும் என்று நம்பினர்.

நாட்டார் வழக்காறுகளைப் படிப்போருக்கு இக்கதையின் அமைப்பு புதிதன்று. உருவத்தில் ஒளிந்திருக்கும் கொடுமை, அதைக் கண்டறிதல், எரித்தழித்தல், அழித்ததன் எச்சத்திலிருந்து வேறொன்று முளைத்தல் என்ற படிநிலைகள் பல நாட்டுக் கதைகளில் உண்டு. ஆயினும் இக்கதையின் இறுதிப்பகுதியில் நாம் சற்றே நிற்க வேண்டியிருக்கிறது. நெருப்பு தீமையை முடித்துவிடவில்லை. அதனை வேறு உருவத்துக்கு மாற்றியது, அவ்வளவே. இதற்கு நாம் பின்னர்த் திரும்பி வருவோம்.

*

1961 டிசம்பர் 31ஆம் நாள், பிலிப் ஹெல்ஃப்ரிச், ஜான் ஷுப் என்ற இரு ஆய்வாளர்கள் உள்ளூர்வாசிகள் தந்த தகவலைக் கொண்டு அக்குழியைக் கண்டுபிடித்து, அங்கிருந்த உயிரின் மாதிரிகளைச் சேகரித்தனர். அவர்களுடைய ஹவாய்க் கடலாய்வுச் சாலை ஓவாஹு தீவை அடுத்த கோகனட் தீவில் இருந்தது. அதே நாளில் ஆய்வுச்சாலையின் முதன்மைக் கட்டடம் காரணம் அறியப்படாத தீவிபத்தில் எரிந்துபோனது. எச்சரித்தவர்கள் இதை எவ்வாறு புரிந்துகொண்டிருப்பார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை. நாம் இதனைத் தற்செயல் என்றே கொள்கிறோம். எனினும் ஒரு நஞ்சின் அறிவியல் வரலாறு இவ்வாறு தொடங்கியது என்பதும் பதிவில் உள்ள செய்தியே.

மாதிரிகளை ஆராய்ந்தபோது முதலில் உடைந்தது பெயர். லிமு எனப்பட்டது பாசி அன்று, விலங்கு. கடற்சாமந்திக்கும் பவள உயிரிக்கும் உறவான ஸோவாந்திட் என்னும் வகையைச் சேர்ந்தது. விலங்கு, மலர் என்று பொருள்தரும் இரு கிரேக்கச் சொற்கள் இணைந்து உருவான பெயர் அது. ‘விலங்குப்பூ’ என்று தமிழாக்கலாம். ஒரு மெல்லிய காம்பு, அதன் உச்சியில் வட்டமான வாய்த்தட்டு, விளிம்பைச் சுற்றிக் குறுகிய உணர்விழைகள் என்பதே இவற்றின் தோற்றம். பல நூறு உயிர்கள் ஒரே படலமாக ஒட்டிக்கொண்டு பாறையைப் போர்த்தியிருக்கும். இவற்றுள் பேலித்தோவா என்னும் பேரினத்துக்கு 1816இலேயே பிரெஞ்சு அறிஞர் லமூரூ பெயரிட்டிருந்தார். ஹானாவின் குழியில் கிடைத்த இனத்துக்கு 1971இல் ‘பேலித்தோவா டாக்ஸிகா’ என்று பெயரிடப்பட்டது.

பெயரைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வணிகர்களும் செய்தித்தாள்களும் இவற்றைப் ‘பவளம்’ என்றே அழைக்கின்றனர். நம் பழம்பாடல்கள் துகிர் என்று போற்றிய செம்பவளமும் இதுவன்று. சுண்ணாம்புக் கூடு கட்டித் தீவுகளை எழுப்பும் கல்பவளமும் இதுவன்று. ஸோவாந்திட்களுக்குக் கற்கூடு கிடையாது. முதலில் பாசி, பிறகு பவளம் என இரு பெயர்களுமே பொருந்தாதவைதான். ஆனால் முதற்பெயரில் பிழை இருந்தபோதிலும் எச்சரிக்கை இருந்தது. இரண்டாவதில் பிழை மட்டுமே எஞ்சியது.

நஞ்சைப் பிரித்தெடுக்கும் பணியை ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மூரும் பால் ஷாயரும் மேற்கொண்டனர். ஷாயர் ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில் 1915இல் பிறந்து, நாஜிகளின் ஆட்சியிலிருந்து தப்பி அமெரிக்கா சேர்ந்து, 1950இல் ஹவாய்க்கு வந்த வேதியியலர். கடல் உயிர்களின் வேதியியலைத் தனித்துறையாக வளர்த்தவர்களுள் ஒருவர். இருவரும் 1971இல் ‘சயின்ஸ்’ இதழில் அந்த நஞ்சை அறிவித்து, பேலிடாக்ஸின் என்று பெயரிட்டனர். எலிகளின் இரத்தக்குழாயில் செலுத்தியபோது, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.15 மைக்ரோகிராம் அளவே பாதி எலிகளைக் கொல்லப் போதுமானதாக இருந்தது. ஒரு மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. புரதம் அல்லாத இயற்கை நஞ்சுகளில் இதற்கு இணையானவை மிகச் சிலவே.

அதன் அமைப்பை அறிய மேலும் பத்தாண்டுகள் ஆயின. 129 கார்பன், 223 ஹைட்ரஜன், 3 நைட்ரஜன், 54 ஆக்சிஜன் அணுக்களைக் கொண்ட நெடுஞ்சங்கிலி அது. 1981இல் மூரின் குழுவும், ஜப்பானின் நகோயாவில் ஹிராத்தா, உவேமுரா ஆகியோரின் குழுவும் தனித்தனியே அதன் அமைப்பை அறிவித்தன. அம்மூலக்கூறில், இடக்கை வலக்கை போல இருவகையில் அமையத்தக்க இடங்கள் 64. அத்தனை இடங்களையும் சரியான வகையில் பொருத்தி அதனைச் செயற்கையாகக் கட்டியெழுப்பும் பணியில் ஹார்வர்டில் யோஷிட்டோ கிஷியின் குழு ஈடுபட்டது. 1989இல் அதன் அமில வடிவத்தையும், 1994இல் முழு நஞ்சையும் அடைந்தது. கரிம வேதியியலின் எவரெஸ்ட் ஏற்றம் என்று இன்றும் இதனைக் கூறுவர்.

ஆக, முப்பத்து மூன்று ஆண்டுகளில் ஹானாவின் சாவுப்பாசி உலக வேதியியலின் பெருமிதங்களுள் ஒன்றாயிற்று. இந்த அறிவு முழுவதும் ஆய்விதழ்களில் பதிவாகியிருந்தது. அதை அறிந்திருக்க வேண்டிய இன்னொரு கூட்டம் அவ்விதழ்களைப் படிக்கும் கூட்டம் அன்று.

*

இந்நஞ்சு உடலில் என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகவேனும் சொல்ல வேண்டும். நம் உடலின் ஒவ்வொரு உயிரணுவின் சுவரிலும் இறைப்பிகள் உள்ளன. ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுப்பது இவற்றின் வேலை. டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கௌ 1957இல் இதனைக் கண்டறிந்தார். 1997இல் அதற்காக நோபல் பரிசில் பங்கு பெற்றார். இந்த இறைப்பியை இருபுறமும் மதகுள்ள வாய்க்காலாகக் கற்பனை செய்துகொள்ளலாம். ஒரு மதகு திறந்திருக்கும்போது மற்றது மூடியிருக்கும். அதனால்தான் அயனிகள் எண்ணிக்கையில் அளவாகச் செல்கின்றன. பேலிடாக்ஸின் இதனோடு பிணைந்து இரு மதகுகளையும் ஒருசேரத் திறந்துவிடுகிறது. காவலன் ஓட்டையாகிவிடுகிறான். அயனிகள் வெள்ளமாகப் பாய்கின்றன. தசையணுக்கள் சிதைகின்றன, இரத்தக்குழாய்கள் இறுகுகின்றன, இதயத் துடிப்பு தடுமாறுகிறது. எல்லா உயிரணுவிலும் இந்த இறைப்பி இருப்பதால் உடலின் எந்தப் பகுதியும் இதற்கு விலக்கன்று.

இதற்கு முறிமருந்து இல்லை. மருத்துவர்கள் செய்யக்கூடியது மூச்சையும் இதயத்தையும் தாங்கி, உடல் தானே மீளும்வரை காப்பது. பெரும்பாலானோர் மீண்டிருக்கிறார்கள் என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும். தோலில் காயம், கண், மூச்சு, உணவு என நான்கு வாயில்களால் இது நுழையும். வாய்வழி நுழையும்போது, இரத்தத்தில் நேரடியாகக் கலப்பதைவிட வீரியம் மிகக் குறைவு. மூச்சுவழி நுழைவதே வீடுகளில் நாம் அஞ்ச வேண்டியது.

*

இனி அந்த இன்னொரு கூட்டத்துக்கு வருவோம். முவோலேயாவின் குழி திறக்கப்பட்ட அதே 1961இல், இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழ் ஒன்றில் தம் முறையை எழுதினார். அதுவரை கடல்நீர்த் தொட்டி என்பது வெளுத்த பவளக்கூடுகளை அலங்காரமாக வைத்து, மீன்களை மட்டும் உயிரோடு காக்கப் போராடும் இடமாக இருந்தது. லீயோ கடலிலிருந்து உயிரோடு எடுத்த பாறைத்துண்டுகளைத் தொட்டியிலிட்டார். அப்பாறையில் வாழும் எண்ணற்ற நுண்ணுயிர்கள் நீரைத் தூய்மைப்படுத்தின. ‘உயிர்ப்பாறை’ என்ற கருத்து அங்கிருந்து வளர்ந்தது. பின்னர் ஐரோப்பிய வளர்ப்பாளர்கள், சிறப்பாக ஜெர்மானியர், இதனை ஒரு முறையாகச் செம்மைப்படுத்தினர். 1980களுக்குப் பிறகு வீட்டிலேயே ஒரு சிறு பவளத்திட்டை வளர்ப்பது பலருக்கும் எட்டும் பொழுதுபோக்காயிற்று.

உயிர்ப்பாறை அழைத்துவந்தவை நல்லவை மட்டுமல்ல. பாறையின் இடுக்கில் ஒட்டிக்கொண்டு ஸோவாந்திட்களும் வந்தன. இவை வளர்ப்போரின் நண்பர்கள். குறைந்த ஒளியிலும் பிழைக்கும். நீரின் குறைகளைப் பொறுக்கும். வெட்டி ஒட்டினால் புதிய படலமாகும். அதனால் தொடக்கநிலை வளர்ப்பாளருக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவன பெரும்பாலும் இவையே. ஒளிரும் நிறமுடையவை துண்டுதுண்டாக வெட்டப்பட்டுக் கைமாறின. நிறமற்ற பழுப்பு இனங்கள் களையாகக் கருதப்பட்டுத் தேய்த்தும் சுரண்டியும் அகற்றப்பட்டன.

இங்கேதான் எச்சரிக்கை நின்றுபோனது. ஹானாவின் நஞ்சு ஹானாவுக்கு மட்டும் உரியதன்று என்பதை ஆய்வாளர்கள் 1970களிலேயே அறிந்திருந்தனர். கரீபியக் கடலின் இனங்களிலும் ஜப்பானின் ஒக்கினாவா இனங்களிலும் பேலிடாக்ஸின் கண்டறியப்பட்டிருந்தது. ஆனால் கடைத் தொட்டியில் அவ்வுயிருக்கு இலத்தீன் பெயர்கூட இருப்பதில்லை. நிறத்தை வைத்துச் சூட்டிய செல்லப்பெயரே இருக்கிறது. அனைத்துலக உயிரின வணிக ஒப்பந்தமான சைட்டீஸின் பட்டியலில் கல்பவளங்கள் இடம்பெற்றுள்ளன, ஸோவாந்திட்கள் இல்லை. அருகிவரும் உயிரைக் காப்பதே அவ்வொப்பந்தத்தின் நோக்கம். வாங்குபவரின் கையைக் காப்பது அன்று. ஆகவே எந்தத் தாளிலும் எழுதப்படாமலே இந்நஞ்சு எல்லைகளைக் கடந்தது.

*

நஞ்சு காற்றின் வழியேயும் தாக்கும் என்பதைப் பெருந்திரளாக உணர்த்திய நிகழ்ச்சி மீன்தொட்டியில் நடக்கவில்லை. 2005 ஜூலையில் இத்தாலியின் ஜெனோவாக் கடற்கரையில் ஏறத்தாழ 200 பேர் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் என்று மருத்துவ உதவியை நாடினர். பேலிடாக்ஸினின் உறவு நஞ்சுகளை உண்டாக்கும் ஆஸ்ட்ரியாப்சிஸ் என்னும் நுண்பாசி கடலில் பெருகியிருந்தது. அலையின் நீர்த்திவலைகளோடு அது கரைக்கு வந்தது. கடலைத் தொடாமல் கரையில் இருந்தவர்களும் பாதிக்கப்பட்டனர்.

இரண்டாண்டு கழித்து, 2007இல், அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு வளர்ப்பாளர் தம் பாறையில் பரவிய பழுப்பு ஸோவாந்திட்களை ஒழிக்க அவற்றின்மேல் கொதிநீரை ஊற்றினார். எழுந்த ஆவியை மூச்சில் இழுத்த அவருக்குக் கடுமையான சுவாசத் துன்பம் ஏற்பட்டது. இந்நிகழ்ச்சியை ஆராய்ந்த ஜோனதன் டீட்ஸ் முதலானோர் 2011இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். அந்த உயிரில் ஈர எடையில் ஒரு கிராமுக்கு 0.5 முதல் 3.5 மில்லிகிராம் வரை நஞ்சு இருந்தது. மேலே சொன்ன எலிக் கணக்கோடு இதனை ஒப்பிட்டால், நகத்தளவு துண்டு எத்தகையது என்பது விளங்கும். ஆய்வாளர்கள் வாஷிங்டன் பகுதியின் 3 கடைகளில் ஸோவாந்திட்களை வாங்கியும் சோதித்தனர். சிலவற்றில் மிகுந்த நஞ்சு. சிலவற்றில் ஒன்றுமே இல்லை. பார்வைக்கு எது எதுவென்று வளர்ப்பாளரால் பிரித்தறிய முடியாது என்பதே அவ்வாய்வு நமக்குத் தரும் பாடம்.

2008இல் ஜெர்மனியிலிருந்து வேறொரு பதிவு வந்தது. தொட்டியைக் கையாளும்போது விரல்களில் ஏற்பட்ட காயத்தின் வழியே ஒருவருக்கு நஞ்சு ஏறியது. 2014 ஆகஸ்டில் அலாஸ்காவின் ஆங்கரேஜில் ஒரு வீட்டில் உயிருள்ள ஸோவாந்திட்கள் தொட்டியில் சேர்க்கப்பட்ட 7, 8 மணி நேரத்தில் வீட்டிலிருந்தோருக்கு வாயில் உலோகக் கசப்பு, காய்ச்சல், தளர்ச்சி, இருமல், தசைவலி தோன்றின. விசாரித்தபோது, 2012இலேயே அந்நகரத்துக் கடையிலும் இத்தகைய பாதிப்பு நேர்ந்திருந்தது தெரியவந்தது. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கை இவற்றை 2015இல் பதிவுசெய்தது. 2018 மார்ச்சில் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயரில் ஸ்டீவென்டன் என்ற சிற்றூரில் தொட்டிப் பாறையைச் சுத்தம் செய்த ஒரு வீட்டார் அனைவரும், உதவிக்குச் சென்ற தீயணைப்பு வீரர்கள் சிலரும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

இந்நிகழ்ச்சிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கையில் ஒரு பொதுமை தெரிகிறது. தொட்டியின் நீருக்குள் அமைதியாக இருந்த உயிர் எவரையும் தாக்கவில்லை. சுரண்டுதல், வெட்டுதல், இடம்மாற்றுதல், கொதிநீர் ஊற்றுதல் என மனிதக் கை அதனைக் கலைத்தபோதே விபத்து நேர்ந்தது. இடையூறு செய்பவருக்குத் தீங்கு வரும் என்ற ஹானாவின் நம்பிக்கை, அதன் இயற்கை மீறிய விளக்கத்தைக் களைந்துவிட்டால், இந்த மருத்துவப் பதிவுகளின் சுருக்கமாகவே நிற்கிறது.

*

ஆகவே பாதுகாப்பு நெறிகளை அட்டவணையாக ஒப்பிப்பதைவிட, ஒவ்வொன்றின் பின்னாலும் உள்ள காரணத்தோடு சொல்வதே பயன்தரும் என்று கருதுகிறோம்.

முதல் நெறி, சூடேற்றாதே. கொதிநீர், நீராவிக் கருவி, மைக்ரோவேவ் அடுப்பு, நெருப்பு எதுவும் கூடாது. பேலிடாக்ஸின் கொதிநிலையில் சிதைவதில்லை. வெப்பம் அதனை அழிக்காமல் ஆவித்திவலைகளில் ஏற்றி மூக்குக்கு அனுப்புகிறது. பாறையைக் ‘கிருமி நீக்கம்’ செய்ய வேகவைப்பது வளர்ப்போரிடையே பழைய வழக்கம். நேர்ந்த விபத்துகளில் கொடியவை சில இவ்வழக்கத்திலிருந்தே பிறந்தன.

இரண்டாவது, திவலை எழுப்பாதே. உலர்ந்த பாறையைத் தூரிகையால் தேய்ப்பதும், அழுத்த நீர்ப்பாய்ச்சியால் கழுவுவதும், சுழலும் ரம்பத்தால் வெட்டுவதும் நஞ்சைக் காற்றில் கலக்கும். வெட்டத்தான் வேண்டுமெனில் வீட்டுக்கு வெளியே, நீரில் அமிழ்த்தி வைத்து, கூரிய கத்தியால் மெல்ல வெட்ட வேண்டும். சாதாரணத் துணி முகக்கவசம் நுண்திவலையைத் தடுக்காது. திவலையே எழாமல் பார்த்துக்கொள்வதுதான் உண்மையான கவசம்.

மூன்றாவது, தோலையும் கண்ணையும் மூடு. முழங்கைவரை நீளும் நைட்ரைல் கையுறை அணிய வேண்டும். கையில் சிராய்ப்பு இருக்கும் நாளில் தொட்டியில் கைவிடலாகாது. ஸோவாந்திட்கள் அழுத்தப்படும்போது நீரைப் பீய்ச்சும். அது கண்ணில் பட்டுக் கருவிழி புண்பட்ட நேர்வுகள் மருத்துவ இதழ்களில் உள்ளன. ஆதலால் பக்கங்களையும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். சமையல் பாத்திரம், கழுவுதொட்டி, துணி எதையும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது. குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் அவ்வேளையில் அருகில் இருக்கக் கூடாது.

நான்காவது, அழிக்க வேண்டுமானால் முறையாக அழி. வீட்டுப் பிளீச்சிங் திரவத்திலுள்ள சோடியம் ஹைப்போகுளோரைட் இந்நஞ்சைச் செயலிழக்கச் செய்கிறது. 0.1 சதவீதத்துக்குக் குறையாத கரைசல் தேவை. 5 அல்லது 6 சதவீதத் திரவத்தில் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நீர் சேர்த்து, அன்றன்றே கலந்து, அகற்றிய துண்டுகளையும் கருவிகளையும் கையுறையையும் அரைமணி நேரம் ஊறவைக்க வேண்டும். இதைத் தொட்டிக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். அக்கரைசலோடு வினிகர், அமிலம், அம்மோனியா எதனையும் சேர்க்கலாகாது. வேறொரு நச்சுவாயு எழும்.

ஐந்தாவது, குறியை அறிந்துகொள். வாயில் உலோகக் கசப்பு, திடீர்க் காய்ச்சல், நடுக்கம், இருமல், நெஞ்சிறுக்கம், தசைவலி, மரமரப்பு ஆகியவை சில நிமிடங்களிலும் தோன்றலாம். பல மணிநேரம் கழித்தும் தோன்றலாம். அவ்வாறாயின் வீட்டிலுள்ள அனைவரும் உடனே வெளியேற வேண்டும். உள்ளே சென்று தொட்டியைச் சரிசெய்ய முயல்வது கூடாது. கண்ணில் பட்டிருந்தால் நல்ல நீரால் நெடுநேரம் கழுவிக்கொண்டே மருத்துவரை நாட வேண்டும். மருத்துவரிடம் ‘மீன்தொட்டிப் பவளத்தைக் கையாண்டேன், பேலிடாக்ஸினாக இருக்கலாம்’ என்று சொல்லிவிட வேண்டும். இக்குறிகள் சாதாரணச் சளிக்காய்ச்சலைப் போன்றவை. நோயாளி சொல்லாவிட்டால் மருத்துவர் இதனை ஐயுறக் காரணமே இராது. சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியத்தால் பல மணிநேரம் வீணாகலாம்.

*

இவ்வளவும் படித்தபின் மீன்தொட்டி என்பதே ஆபத்து என்று கொள்வது முறையன்று. உலகெங்கும் மிகப் பலர் இவ்வுயிர்களை ஆண்டுக்கணக்கில் தீங்கின்றி வளர்த்து வருகின்றனர். எல்லா ஸோவாந்திட்களிலும் நஞ்சு இல்லை. ஆனால் எதில் உண்டு என்று கண்ணால் சொல்ல இயலாத நிலையில், எல்லாவற்றையும் உள்ளதாகவே கருதி நடப்பதுதான் அறிவு. கபு என்பதும் அத்தகைய ஏற்பாடே. ஒவ்வொரு முறையும் சோதித்து முடிவெடுக்க இயலாத சமூகம், சோதனையின் விலையைத் தன் உறுப்பினர்கள் உயிரால் செலுத்தாமலிருக்கச் செய்துகொண்ட நிரந்தர முடிவு அது.

இப்போது அந்தச் சாம்பலுக்குத் திரும்பலாம். கதையில் மக்கள் கொடியவனை எரித்தனர். தீமை அத்தோடு ஒழிந்தது என்று நம்பியே சாம்பலைக் கடலில் வீசினர். வர்ஜீனியாவில் ஒருவர் கொதிநீரை ஊற்றியதும் அதே நம்பிக்கையில்தான். இரண்டிலும் வெப்பம் நஞ்சை ஒழிக்கவில்லை. பண்டை ஹவாய் மக்கள் மூலக்கூறின் வெப்ப உறுதியை அறிந்து இக்கதையைப் புனைந்தனர் என்று நாம் சொல்ல வரவில்லை. அவ்வாறு சொல்வது கதைக்கும் அறிவியலுக்கும் ஒருங்கே செய்யும் அநீதி. நாம் சொல்ல விரும்புவது எளியது. நெருப்பிட்டும் தீராத கொடுமை ஒன்று இக்குழியில் உண்டு என்பதை மறக்கவியலாத உருவத்தில் அக்கதை தலைமுறைகளுக்குக் கடத்தியது. அந்தப் பணியை வேறெந்தக் கருவியும் அங்கே செய்திருக்க முடியாது.

வேதியியலர்கள் கதையிலிருந்து நஞ்சை எடுத்துக்கொண்டனர். அது அவர்கள் தொழில். வணிகர்கள் உயிரை எடுத்துக்கொண்டனர். தடையை எடுத்துச்செல்ல எவரும் பொறுப்பேற்கவில்லை. ஆங்கரேஜிலும் ஸ்டீவென்டனிலும் மருத்துவமனைக்குச் சென்றவர்கள் கவனமற்றவர்கள் அல்லர். தம் கையில் இருப்பது என்னவென்று அவர்களிடம் ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. தொட்டியின் அருகே ஒரு சிறு தாளில் அவ்வுயிரின் பேரினப் பெயரையும், ‘வெந்நீர் ஊற்றாதே, உலர்த்தித் தேய்க்காதே, கையுறையின்றித் தொடாதே’ என்ற மூன்று வரிகளையும் எழுதி ஒட்டினால் போதும். விற்பவர் ஒட்டலாம், அவர் ஒட்டாவிட்டால் வாங்குபவர் ஒட்டலாம். ஹானாவின் மக்கள் கற்களை அடுக்கிச் செய்ததை நாம் காகிதத்தில் செய்கிறோம் என்பதைத் தவிர இதில் புதிது ஒன்றுமில்லை.